குழந்தையோடு பேசும் பாடநூல்

ஒரு நூலைத் திறனாய முற்படுவோர் பெரும்பாலும் காப்பியத்தையோ கவிதைத் தொகுதியையோ புதினத்தையோ எடுத்துக்கொள்வர். அவற்றின் பொருளமைதி, பாத்திரப் படைப்பு, நடைநலம் ஆகியவற்றை ஆராய்ந்து நிறைகுறை காண்பர். ஆயின், தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மிகுதியாகப் புரட்டப்படும் தமிழ்நூல் எது என்று எண்ணிப் பார்த்தால், அது காப்பியமும் அன்று, புதினமும் அன்று. ஓரங்கள் மடிந்து, அட்டை கிழிந்து, பக்கமெங்கும் பென்சில் கீறலோடு கிடக்கும் தொடக்கப்பள்ளித் தமிழ்ப் பாடநூலே அது. நம் பிள்ளைகளுள் பலர் வாழ்நாளில் முழுமையாகப் படிக்கும் தமிழ்நூல்கள் இப்பாடநூல்களாக மட்டுமே இருந்துவிடவும் கூடும். அத்துணை முதன்மை பெற்ற நூலைத் திறனாய்வாளர் தீண்டுவதில்லை. அது ஆசிரியர் பாடு, பெற்றோர் பாடு என்று விட்டுவிடுகின்றனர்.

பாடநூலைப் பற்றிப் பேசுவோரும் அதன் உள்ளடக்கத்தைப் பற்றியே பேசுகின்றனர். எந்தப் புலவர் சேர்க்கப்பட்டார், எவர் நீக்கப்பட்டார், எக்கதை இடம்பெற்றது என்பனவே சொற்போருக்கு உரியனவாகின்றன. இக்கட்டுரை அவற்றுள் புகவில்லை. பாடத்தைச் சுற்றி நின்று, பாடத்துக்குள் குழந்தையை அழைத்துச் செல்லும் மொழியைப் பற்றியதே இது. அம்மொழி நம் குழந்தைகளோடு எவ்வாறு பேசுகிறது என்பதனை நோக்குவோம்.

பாடமும் வழிகாட்டு மொழியும்

எந்தப் பாடநூலிலும் இருவகை மொழி உண்டு. காகத்தைப் பற்றியோ, ஆற்றைப் பற்றியோ, அரசனைப் பற்றியோ கூறும் மொழி ஒன்று. 'இப்போது படிப்போம்', 'முன்பு கண்டோம்', 'அதாவது', 'எடுத்துக்காட்டாக', 'சிந்தித்துப் பார்', 'விடை எழுதுக' என்றெல்லாம் படிப்பவனை நோக்கிப் பேசும் மொழி மற்றொன்று. முன்னது பொருளைச் சொல்கிறது. பின்னது அப்பொருளை எப்படி ஏற்றுக்கொள்வது என்று சொல்கிறது. மேலைநாட்டு மொழியியலார் இதனை 'மெட்டாடிஸ்கோர்ஸ்' என்று வழங்குகின்றனர். கென் ஹைலண்ட் என்பார் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இதனைப் படிப்பவரைக் கைப்பிடித்து நடத்திச் செல்லும் சொற்கள் என்றும், படிப்பவரோடு உறவு கொள்ளும் சொற்கள் என்றும் இருவகையாகப் பகுத்துள்ளார். நாம் இதனை 'வழிகாட்டு மொழி' என்று எளிமையாக அழைக்கலாம்.

தமிழ்நாட்டில் வளரும் குழந்தைக்கு இவ்வழிகாட்டு மொழி நூலிலே குறைந்திருந்தாலும் கேடில்லை. வகுப்பில் ஆசிரியை பேசுகிறார். வீட்டில் பாட்டி பேசுகிறார். தெருவில் காய்கறி விற்பவர் பேசுகிறார். நூல் விட்டதனை ஊர் நிரப்பிவிடும். தில்லியில் வளரும் குழந்தைக்கு அவ்வாறு இல்லை. விளையாட்டு இந்தியில், பள்ளிப் பாடங்களும் தேர்வும் ஆங்கிலத்தில், தொலைக்காட்சி இரண்டிலும். தாயும் தந்தையும் அலுவலகத்தினின்று திரும்பியபின் பேசும் சில சொற்களே தமிழ். இக்குழந்தையை நேர்முகமாக நோக்கித் தமிழில் பேசும் பிறர் யார் என்று கேட்டால், பாடநூல் ஒன்றே விடையாகும். எனவே, அந்நூல் எந்தக் குரலில் பேசுகிறது என்பது இங்கே சிறு செய்தி அன்று.

இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்டை வீட்டுக் குழந்தைகள் சிலருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பட்டறிவு எனக்கு உண்டு. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாடத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்து, அதன் பொருளையும் தன் மொழியில் சரியாகவே சொன்னாள். பயிற்சிப் பகுதிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். "மாமா, கோடிட்ட இடம் என்றால் என்ன? கோடி ரூபாய் என்று சொல்கிறோமே, அந்தக் கோடியா?" என்று கேட்டாள். மற்றொரு சிறுவன் 'பொருத்துக' என்பதைக் கண்டு, "அம்மா பொறுத்துக்கோ என்று சொல்வார்களே, அதுவா?" என்றான். இருவரும் அறிவிற் குறைந்தவர் அல்லர். அவர்களுக்கு விடை தெரியும், வினாதான் தெரியவில்லை. பாடத்தைக் காட்டிலும் பாடத்துக்கு வழிகாட்டும் மொழி கடினமாகிவிட்டது. வீட்டுக்கு வழி சொல்லும் பலகை வேற்றெழுத்தில் இருந்தால், வீடு எத்துணை அழகியதாயினும் விருந்தினன் வெளியிலேதான் நிற்பான்.

முன்னோர் கண்ட நெறி

வழிகாட்டு மொழி பற்றிய சிந்தனை நமக்குப் புதியதன்று. நூல் எழுதுவோன் படிப்பவனை எவ்வாறு நடத்திச் செல்லவேண்டும் என்று நம் இலக்கண ஆசிரியர்கள் தனியே எண்ணிப் பார்த்துப் பெயரும் இட்டு வைத்துள்ளனர். தொல்காப்பிய மரபியலின் இறுதியிலும், பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரத்திலும் முப்பத்திரண்டு உத்திகள் தொகுத்துக் கூறப்பட்டுள்ளன. அவற்றுட் சில நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிக நெருங்கியவை.

சொல்லப் புகுவது இன்னது என்று முதற்கண் அறிவித்துப் புகுவது 'நுதலிப் புகுதல்'. முதலில் தொகையாகச் சொல்வது 'தொகுத்துச் சுட்டல்'. பின்னர்ப் பிரித்து விளக்குவது 'வகுத்துக் காட்டல்'. 'இதனைப் பின்னர்ச் சொல்வோம்' என்று முன்கூட்டி அறிவிப்பது 'உரைத்தும் என்றல்'. 'இதனை முன்னரே சொன்னோம்' என்று நினைவூட்டுவது 'உரைத்தாம் என்றல்'. தொல்காப்பியர் இவ்விரண்டனையும் 'மொழிவாம் என்றல்', 'கூறிற்று என்றல்' என்று குறிப்பர். படிப்பவன் இடையில் வழிதவறிவிடக் கூடாது, எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்னும் பரிவு இவற்றில் புலப்படுகிறது.

அன்றியும், 'என்ப', 'மொழிப', 'என்மனார்' என்று முடிக்கும் வழக்கினைத் தொல்காப்பியத்தில் எங்கும் காண்கிறோம். தாம் கூறுவது தம்முடைய கண்டுபிடிப்பு அன்று, அறிந்தோர் கூறுவது என்று அறிவின் மூலத்தைக் காட்டும் பணிவு அது. உரையாசிரியர்களோ ஒருபடி மேற்சென்று, மாணாக்கன் மனத்தில் எழக்கூடிய ஐயத்தைத் தாமே எழுப்பி, தாமே விடையிறுத்துச் செல்வர். நூலைப் படிப்பவன் எதிரில் அமர்ந்து கேட்பதாகவே அவர்கள் கருதினர். பிற்காலத்தில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பள்ளிச் சிறுவர்க்கெனப் 'பாலபாடம்' எழுதியதும், சைவ நூற்பொருளை வினாவிடையாக எழுதியதும் இம்மரபின் வழிவந்த செயல்களே எனலாம்.

இத்துணை வளமான மரபைக் கொண்ட மொழியில், இன்று குழந்தையின் பாடநூல் என்ன செய்கிறது என்று காண்போம்.

'எழுதுக' என்று யாரிடம் சொல்கிறோம்?

நம் பாடநூல்களில் தலைமுறை தலைமுறையாக ஆட்சி செலுத்தும் வடிவம் வியங்கோள் வினைமுற்று. 'எழுதுக', 'நிரப்புக', 'பொருத்துக', 'பிரித்தெழுதுக', 'பொருள் தருக' என்று எப்பயிற்சியும் ககரத்தில் முடிகிறது. பழகிப்போன காரணத்தால் இதன் தன்மையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வியங்கோள் முன்னிலையிடத்தும் தன்மையிடத்தும் நிலைபெற்று வாராது என்பது தொல்காப்பியர் கொள்கை. அஃதாவது, எதிரில் நிற்பவனை நோக்கிக் கூறுவதற்கு உரியதாக அவர் இவ்வடிவைக் கொள்ளவில்லை. 'அவன் வாழ்க', 'அது நிகழ்க' என்று படர்க்கையில் வருவதே அதற்கு இயல்பு. நன்னூலார் காலத்தில் வழக்கு மாறியது. மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொதுவாக வரும் என்று அவர் விதி செய்தார். இலக்கணம் இடந்தந்துவிட்டது, எனினும் அப்பழைய சேய்மை அவ்வடிவை விட்டு இன்னும் முற்றிலும் நீங்கவில்லை என்றே தோன்றுகிறது. 'எழுது' என்றால் ஒருவர் நம் முகத்தைப் பார்க்கிறார். 'எழுதுங்கள்' என்றால் மதித்துப் பார்க்கிறார். 'எழுதுக' என்றால் சுவரில் ஒட்டிய அறிவிப்புப் போல யாரையும் பாராமல் ஒரு குரல் ஒலிக்கிறது.

ஒளவையின் ஆத்திசூடியை நினைத்துப் பாருங்கள். பாரதியாரின் புதிய ஆத்திசூடியையும் நினைத்துப் பாருங்கள். இரண்டும் ஒருமை ஏவலிலேயே பெரும்பாலும் அமைந்தவை. கட்டளைதான், ஆயினும் மடியில் அமர்த்தி வைத்துக்கொண்டு சொல்லும் கட்டளை. பாப்பாப் பாட்டில் பாரதியார் குழந்தையை விளித்தே ஒவ்வொன்றையும் சொல்கிறார். குழந்தைக்குச் சொல்லும்போது குழந்தையைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்பதனை நம் புலவர்கள் அறிந்திருந்தனர்.

வியங்கோளுக்குச் சார்பாகவும் கூறத்தக்கவை உண்டு. அது ஆண் பெண் என்று பாராது. உயர்ந்தோன் தாழ்ந்தோன் என்று பாராது. ஒருவனுக்கும் பலருக்கும் ஒன்றுபோல் நிற்கும். 'நீ' என்று ஒரு நிறுவனம் அச்சிட்டால் ஒரு பெற்றோர்க்கு அது மரியாதைக் குறைவாகப் படலாம். 'நீங்கள்' என்றால் மற்றொருவர்க்கு அது செயற்கையாகப் படலாம். 'எழுதுக' என்பதில் அச்சிக்கல் இல்லை. ஏற்றத்தாழ்வு மிகுந்த நம் சமுதாயத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சொல் என்பது சிறிய நன்மை அன்று. ஆகவே, வியங்கோளை விலக்கிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. அது முதல் வகுப்பிலிருந்தே தனித்து ஆட்சி செலுத்துவது பொருந்துமா என்பதே வினா.

அரபும் இந்தியும்

இவ்விடத்தில் பிறமொழிகள் என் செய்கின்றன என்று நோக்குவது பயன்தரும். அரபு மொழி நம் மொழிக்குச் சில வகையில் உறவுபோன்றது. அங்கும் வீட்டில் பேசும் மொழி வேறு, நூலில் எழுதும் மொழி வேறு. பள்ளிக்குச் செல்லும் அரபுக் குழந்தை, தன் ஊர்ப் பேச்சினின்று நூல்வழக்குக்கு ஏறிச்செல்ல வேண்டியுள்ளது. ஆனால் அம்மொழியில் ஏவல் வினையே பால் காட்டும். ஒரு சிறுவனிடம் எழுதச் சொல்வதானால் 'உக்துப்' என்பர். சிறுமியிடமாயின் 'உக்துபீ' என்பர். பலரிடமாயின் வேறு வடிவம். இருவர்க்கென்றே ஒரு வடிவமும் உண்டு. எனவே, அரபுப் பாடநூலாசிரியர் 'எழுது' என்னும் ஒரு சொல்லை அச்சிடுமுன்னரே, தாம் யாரிடம் பேசுகிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும். ஆண்பால் ஒருமையைப் பொதுவாகக் கொண்டால், வகுப்பிலுள்ள சிறுமி தனக்குரியதல்லாத வடிவில் தன்னை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். இரண்டையும் எழுதினால் பக்கம் நிறைந்துவிடும்.

இந்தியில் சிக்கல் பால்பற்றியது அன்று; மதிப்புப் பற்றியது. 'தூ', 'தும்', 'ஆப்' என்னும் மூன்று படிகளுக்கு ஏற்ப 'லிக்', 'லிக்கோ', 'லிக்கியே' என ஏவலும் மூன்றாகும். 2006-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த 'ரிம்ஜிம்' என்னும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் இந்திப் பாடநூல் வரிசை, குழந்தையை நடுப்படியில் வைத்து, 'தும்' என்று தோழமையோடு பேசிற்று. தில்லியில் படித்த நம் பிள்ளைகள் பலர் அந்நூலோடு வளர்ந்தவர்கள். இந்தி நூல் அவர்களோடு பேசியது; தமிழ்நூல் அவர்களுக்கு அறிவிப்புச் செய்தது. எம்மொழி அவர்களுக்கு நெருக்கமாயிற்று என்று வியப்பதற்கு என்ன இருக்கிறது?

இதனால் நேரும் மற்றொரு குறையும் உண்டு. நம் குழந்தைகள் ஊரிலுள்ள பாட்டனாரோடு தொலைபேசியில் பேசும்போது, 'நீ எப்படி இருக்கே?' என்று கேட்டுவிடுகின்றனர். பெரியவர் சிரித்துக்கொள்கிறார், பெற்றோர் தலைகுனிகின்றனர். குழந்தை மரியாதை அறியாததன்று. இந்தியில் 'ஆப்' என்று வாய் நிறைய அழைக்கிறது. தமிழில் 'நீங்கள்' என்று ஒருவர் மற்றொருவரை அழைத்துப் பேசும் பேச்சை அது போதிய அளவு கேட்டதில்லை, படித்ததுமில்லை. நூல் முழுதும் ககரமாகவே இருந்தால், அழைக்கும் முறையை அது எங்கிருந்து கற்கும்?

'நாம்' என்னும் செல்வம்

பிறமொழிகளுக்கு வாய்க்காத ஒரு நலம் தமிழுக்கு உண்டு. கேட்பவனையும் உளப்படுத்தினால் 'நாம்'. அவனை விலக்கினால் 'நாங்கள்'. ஆங்கிலத்தின் 'வீ' இவ்வேறுபாட்டைக் காட்டாது. இந்தியின் 'ஹம்' காட்டாது. அரபியின் 'நஹ்னு'வும் காட்டாது. தெலுங்கும் மலையாளமும் நம்மோடு இதனைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆங்கில நூல் 'வீ' என்னும்போது, அது ஆசிரியர் குழுவா, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தா என்னும் ஐயம் எழக்கூடும். தமிழ்நூல் 'நாம்' என்று எழுதிய அக்கணமே, குழந்தையைத் தன்னருகில் அமர்த்திக்கொள்கிறது.

பழைய இலக்கணம் இவ்வேறுபாட்டை விகுதியிலும் கண்டது. அம், ஆம் என்னும் விகுதிகள் முன்னிலையாரை உளப்படுத்தும் என்றும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும் நன்னூல் கூறும். மேற்கூறிய 'உரைத்தாம்' என்னும் உத்திப் பெயரை இவ்விதி கொண்டு நோக்கினால், அதில் கேட்கும் மாணாக்கனும் அடங்கிவிடுகிறான்! இன்றைய வழக்கில் 'படிப்போம்' என்னும் ஓகார விகுதி இருசாரார்க்கும் பொதுவாகிவிட்டது. எனவே, 'படிப்போம்' என்று மட்டும் எழுதாது, 'நாம் படிப்போம்' என்று சொல்வது குழந்தைக்கு ஐயமற நிற்கும். ஒரு சிறு சொல்தான். ஆயினும் 'நீயும் எங்களுள் ஒருவன்' என்று ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பாலுள்ள குழந்தையிடம் சொல்வதற்கு இதனினும் சுருக்கமான சொல் வேறில்லை.

இன்றைய பாடநூல்கள்

தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970-இல் தோன்றியது. அதன் இன்றைய பெயர் தமிழ்நாட்டுப் பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம். 2010-இல் சமச்சீர்க் கல்வி நூல்களும், 2018 முதல் புதிய பாடத்திட்ட நூல்களும் வெளிவந்தன. இவை இணையத்திலும் விலையின்றிக் கிடைப்பதால், தில்லியிலுள்ள நாமும் எளிதில் பெறமுடிகிறது. விரைவுக் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டிக் காணொளி காணும் வசதியும் உண்டு.

2018-க்குப் பின் வந்த தொடக்கநிலை நூல்களைப் பழைய நூல்களோடு ஒப்பிட்டால், வழிகாட்டு மொழியில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்திருப்பதைக் காணலாம். 'வாங்க' என்று பேச்சுவழக்கிலேயே குழந்தையை அழைக்கின்றனர். 'பேசலாம்', 'சிந்திக்கலாமா' என்று இசைவு கேட்கின்றனர். 'படிப்போம்', 'அறிந்துகொள்வோம்' என்று உடன் வருகின்றனர். 'நீ என்ன செய்வாய்?' என்று கருத்தையும் வினவுகின்றனர். குழந்தையை ஒரு பாத்திரமாகக் கருதி நீரூற்றாமல், பேசும் உயிராகக் கருதிய இம்மாற்றத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். பள்ளிக்கூடத்து வாயிலில் நின்ற காவலாளி போய், கைநீட்டும் அக்காள் வந்துவிட்டாள்.

எனினும் குறை ஒன்று எஞ்சி நிற்கிறது. தலைப்பு அழைக்கிறது; தலைப்பின்கீழுள்ள பயிற்சி பழைய குரலுக்கே திரும்புகிறது. ஒரு பாடத்துக்குள்ளேயே 'வாங்க' என்னும் பேச்சுவடிவும், 'நீ' என்னும் ஒருமையும், 'படிப்போம்' என்னும் தன்மைப் பன்மையும், 'எழுதுக' என்னும் வியங்கோளும் அடுத்தடுத்து வருகின்றன. தமிழ்நாட்டுக் குழந்தை இந்நான்கினிடையே இயல்பாகத் தாவிவிடும். அதன் செவியில் நான்கும் முன்னரே உண்டு. நம் குழந்தைக்கோ இவை நான்கு வேறு மனிதர் பேசுவதுபோல் உள்ளன. எது பேச்சு, எது எழுத்து, எது யாரிடம் சொல்வது என்று நூல் ஓரிடத்திலும் நின்று விளக்கவில்லையெனில், அது குழம்புகிறது. சிங்கப்பூரில் 2005-ஆம் ஆண்டுத் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்குத் தக்க இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. வீட்டில் தமிழ் குறைந்துவரும் குழந்தைகளை மனத்திற் கொண்டு எழுந்த சிந்தனை அது. பேச்சையும் எழுத்தையும் கலந்துவிடாமல், இரண்டையும் இரண்டாக அறியச் செய்வதே அதன் பயன்.

அகரமுதலிப் பகுதியிலும் இக்குறையின் மற்றொரு முகத்தைக் காணலாம். அருஞ்சொல் ஒன்றுக்கு மற்றொரு தமிழ்ச்சொல்லையே பொருளாகத் தருவது நம் மரபு. 'பரிதி' என்றால் 'ஞாயிறு' என்று எழுதினால், ஞாயிறு என்பது விடுமுறை நாள் என்று மட்டுமே அறிந்த குழந்தை என் செய்யும்? 'காலையில் கிழக்கே எழுகிறதே, நமக்கு வெயில் தருகிறதே, அதுதான்' என்று சொல்வதே வழிகாட்டு மொழியின் வேலை.

சொல்லாமல் விடப்படுவன

இனி, நூலில் இருப்பதைக் காட்டிலும் இல்லாததைப் பற்றிச் சிறிது கூற வேண்டும்.

முதலாவது, 'உரைத்தாம் என்றல்'. 'இச்சொல்லை நாம் மூன்றாம் பாடத்தில் கண்டோம், நினைவிருக்கிறதா?' என்று ஒரு பாடம் மற்றொரு பாடத்தை நினைவூட்டுவது அரிதாகவே உள்ளது. வாரம் ஒருநாள் தமிழ் படிக்கும் குழந்தைக்கு, ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் இடையே மறதியின் பெருவெளி கிடக்கிறது. அதன்மேல் பாலம் கட்டுவது நூலின் கடமை.

இரண்டாவது, 'ஏன்' என்பது. பிரித்தெழுதச் சொல்கிறோம், எதற்காகப் பிரிக்கிறோம் என்று சொல்வதில்லை. சொற்கள் சேரும்போது உருமாறும், பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நீண்ட சொல்லையும் அஞ்சாமல் படிக்கலாம் என்று ஒரே ஒரு வரியில் காரணம் சொல்லிவிடலாம். காரணம் அறியாத வேலை தண்டனை போலாகிவிடுகிறது.

மூன்றாவது, 'என்ப' என்னும் பணிவு. நூல் கூறும் சொல்லே சொல், நூல் கூறும் வழக்கே வழக்கு என்று குழந்தை எண்ணிவிடுகிறது. தில்லித் தமிழர் ஓரூரார் அல்லர். நெல்லையார் உண்டு, கொங்கு நாட்டார் உண்டு, தஞ்சையார் உண்டு, பாலக்காட்டார் உண்டு. ஒரே கட்டடத்தின் நான்கு வீடுகளில் நான்கு தமிழ் ஒலிக்கிறது. 'சிலர் இவ்வாறு கூறுவர். உன் வீட்டில் எவ்வாறு கூறுவர்?' என்று நூல் ஒருமுறை கேட்டால், குழந்தை அடுக்களைக்கு ஓடிப்போய்த் தாயிடம் கேட்கும். பாட்டியின் சொல் பிழையன்று, அதுவும் தமிழே என்று அறியும். வீட்டுத் தமிழைத் தாழ்வென்று நினைத்து, வாய் திறவாமற்போன பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம்.

செய்யத்தக்கன

இவையெல்லாம் சிறு செய்திகள் என்று சிலர் கருதலாம். ஜங்புராவிலிருந்த மதராசிக் குடியிருப்பு 2025-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அகற்றப்பட்டது. தகுதி பெற்ற குடும்பங்களுக்குத் தலைநகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. அக்குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பள்ளிகள் எட்டாத தொலைவாகிவிட்டன என்னும் கவலை அப்போது பரவலாக எழுந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஞாயிறு வகுப்பு உண்டு. கைப்பேசியில் காணொளி உண்டு. ஆண்டுக்கொரு முறை ஊர்ப்பயணம் உண்டு. ஆசிரியரும் எட்டாத, ஊரும் எட்டாத பிள்ளைக்கு நூல் ஒன்றே ஆசிரியர். மாணாக்கன் கொள்ளும் திறன் அறிந்து கற்பிக்க வேண்டும் என்று நன்னூல் ஆசிரியனுக்கு விதித்த இலக்கணம், அந்நிலையில் நூலுக்கே உரியதாகிறது.

ஆகவே சில கருத்துகளை அன்பர்கள் முன் வைக்கிறேன். முதலிரு வகுப்பு நூல்களில் 'எழுது', 'எழுதலாம்', 'நாம் எழுதுவோம்' என்னும் வடிவங்களே வழிகாட்டட்டும். மூன்றாம் வகுப்பில் 'எழுதுக' என்பதனை ஒரு பாடமாகவே அறிமுகம் செய்து, இது நூலில் எல்லார்க்கும் பொதுவாகச் சொல்லும் முறை என்று விளக்கட்டும். 'நீ', 'நீங்கள்' என்பவற்றை யாரிடம் எப்போது சொல்வது என்பது உரையாடலாக அமையட்டும்.

அரசும் கல்வித்துறையும் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. பயிற்சிகளில் மீண்டும் மீண்டும் வரும் வழிகாட்டுச் சொற்கள் முப்பதுக்கு மேல் இரா. அவற்றைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் பேச்சுவடிவமும் சிறு படமும் சேர்த்து, பதினாறு பக்கத்தில் ஒரு கையேடு வெளியிடுவது நம் சங்கங்களுக்கு அரிய செயல் அன்று. மலர் அச்சிடும் செலவில் சிறு பகுதியே அதற்குப் போதும். பெற்றோர் செய்யத்தக்கது இன்னும் எளிது. குழந்தை நூலோடு அமரும்போது, 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்பதை வாய்விட்டுப் படித்து, 'இந்தக் கோட்டுக்கு மேலே என்ன வார்த்தை வரும்னு எழுதும்மா' என்று தம் ஊர்த் தமிழில் ஒருமுறை சொல்லிவிடலாம். அரை நிமிடந்தான் ஆகும். அந்த அரை நிமிடத்தில் நூலின் குரலும் வீட்டின் குரலும் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன.

நல்ல பாடம் அமைந்தால் மட்டும் போதாது. அப்பாடம் குழந்தையை முகம்பார்த்து அழைக்கவும் வேண்டும். பெயர் சொல்லி அழைக்கும் வீட்டுக்குத்தான் குழந்தை மீண்டும் மீண்டும் ஓடிவரும்.